மாத்திரை போட்டதைப் பார்த்தவன்

ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் படிவத்தில் உடல்நலக் கேள்விகள் வரும் பக்கத்தைப் பல வருடங்கள் ஒரே நிமிடத்தில் முடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா? இல்லை. சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? இல்லை. வேறு பாலிசி? இல்லை. மேலிருந்து கீழே மளமளவென்று பேனா இறங்கிவிடும். எதிரே இருப்பவர் எனக்காக டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். கடைசியில் பேனாவை அவர் பக்கம் திருப்பி, பென்சிலில் போட்டுவைத்த பெருக்கல் குறிகளைக் காட்டுவேன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் பின்பக்கம் ஒண்ணு."

குன்னூரில் ஆயுள் காப்பீட்டு முகவராக 2001-இல் லைசென்ஸ் வாங்கினேன். நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து, சிறு விவசாயிகள் நொந்துகிடந்த காலம் அது. அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வீட்டிலிருந்து வந்த எனக்கு, இலைப் பணம் வந்தால்தான் பிரீமியம் என்ற வாழ்க்கை புரிவதற்கே இரண்டு வருடம் ஆனது. லைசென்ஸுக்கு முன்னால் 100 மணி நேர வகுப்பு, அப்புறம் ஒரு தேர்வு. வகுப்பில் படித்ததை முதல் வாரமே மறக்கவைத்தவர், முகவர்களான எங்களுக்கு மேலே இருந்த டெவலப்மென்ட் ஆபீசர். "எல்லாத்தையும் கேட்டா மெடிக்கல் வரும். மெடிக்கல் வந்தா மார்ச் போயிடும்" என்பார். மார்ச்தான் வருடக் கணக்கு முடிகிற மாதம்; அது போனால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று, ஆங்கிலேயர் வசம் இருந்தது. எதிரி பிடித்துவிட்டால் இழப்பீடு வேண்டும் என்று அதன் கவர்னர் லண்டனில் காப்பீடு எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று பணம் தர மறுத்தார் காப்பீடு கொடுத்தவர். 1766-இல் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்பீல்டு பிரபு, விவரம் தெரிந்தவர் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். உண்மையை மறைக்காதே என்ற எங்கள் தொழிலின் அடிப்படை அங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்த வழக்கில் ஜெயித்தது கவர்னர்தான் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. காப்பீடு கொடுத்தவருக்கே தெரிந்திருந்ததை, அல்லது தெரிந்திருக்க வேண்டியதை, எடுத்தவர் வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்பது தீர்ப்பின் மறுபாதி. அந்தப் பாதி எனக்குத் தெரியவர பதினேழு வருடங்கள் ஆயின.

கட்டபெட்டு தாண்டி ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். படுகர். ஒன்றரை ஏக்கர் தேயிலை. 2012-இல் என்னிடம் ஐந்து லட்சத்துக்கு பாலிசி எடுத்தார். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர், 2014 கடைசியில் நிறுத்திவிட்டார். இலைக்குக் கிடைத்த பணம் பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போனது. பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி ஆனது. ஒன்றரை வருடம் கழித்து, 2016 நடுவில், அவரே போன் செய்து, ரிவைவல் செய்து பாலிசிக்கு மறுபடி உயிர் கொடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சந்தோஷம். பாக்கியும் வட்டியும் கட்டவேண்டும், கூடவே உடல்நலம் நன்றாக இருக்கிறது என்று ஒரு உறுதிமொழி தரவேண்டும்.

படிவத்தோடு போனபோது மதியம். அண்ணன் மனைவி, எனக்கு அக்கா, சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். "இருங்க தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடணும்" என்று அண்ணன் ஒரு மாத்திரையை விழுங்கினார்.

"சர்க்கரையா அண்ணா?"

"கொஞ்சம்தான். மாத்திரையோட சரி, ஊசியெல்லாம் இல்ல."

நான் தலையாட்டிவிட்டு, படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் என் எதிரில் போட்டிருக்க மாட்டார். எனக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கை தானாக எழுதியது என்பதுதான் உண்மை. எழுதினால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், அதற்குள் இந்தப் பணம் வேறு செலவுக்குப் போய்விடும் என்ற கணக்கு எங்கோ ஓரத்தில் ஓடியிருக்கலாம்.

2018 ஜனவரி, ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த சில நாட்களில், உறைபனி விழுந்த ஒரு ராத்திரி அண்ணனுக்கு மூச்சு முட்டியது. கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று இறங்கி கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடிவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு.

ரிவைவல் ஆகி இரண்டு வருடம்கூட ஆகாததால் கிளைம் விசாரணைக்குப் போனது. விசாரணை அதிகாரி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் அட்மிஷன் குறிப்பை எடுத்துவிட்டார். 'ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோய்' என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். சொன்னது மகன்தான். அந்த நேரத்தில் டாக்டர் கேட்டால் யார் பொய் சொல்வார்கள்? அப்பா பிழைக்கவேண்டும் என்று அவன் சொன்ன வார்த்தை, மூன்று மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதத்தில் ஆதாரமாக வந்து நின்றது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மறந்துபோனதைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி: "தம்பி, நீங்க இருக்கும்போதுதானே மாத்திரை போட்டாரு?"

ஊட்டி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு பழைய நண்பன் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். 1938-ஆம் வருடத்துச் சட்டம், 2015-இல் திருத்தப்பட்டது. தொழில் செய்து பதினேழு வருடம் கழித்து முதல்முறை அதை முழுதாகப் படித்தேன். மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் ஆயுள் பாலிசியை கம்பெனி கேள்வி கேட்க முடியாது. இதை நாங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அந்த மூன்று வருடம் எப்போது தொடங்குகிறது என்று அடுத்த வரி சொல்கிறது. பாலிசி கொடுத்த நாள், ரிஸ்க் (காப்பீட்டுப் பொறுப்பு) தொடங்கிய நாள், ரிவைவல் ஆன நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. அண்ணன் 2012-லிருந்து விடாமல் கட்டியிருந்தால் 2018-இல் அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. இலை விலை விழுந்து, பாலிசி விழுந்து, அதை மறுபடி எழுப்பியதும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இந்த மலையில் லேப்ஸ் ஆகாத பாலிசி எத்தனை? நானே எத்தனை ரிவைவல் செய்துகொடுத்திருக்கிறேன், ஒருவருக்காவது இதைச் சொன்னேனா?

அதே பிரிவில் கீழே இருந்த இன்னொரு வரியை நண்பன் விரலால் தொட்டுக் காட்டினான். தவறான தகவல் என்று கம்பெனி சொல்லும் விஷயம் ஏற்கெனவே கம்பெனிக்குத் தெரிந்திருந்தால், அதை மோசடி என்று சொல்லி மறுக்க முடியாது. காப்பீட்டுக்கு ஆள் பிடித்துப் பேசி முடிக்கிறவர், ஒப்பந்தம் உருவாகும் கட்டத்தில் கம்பெனியின் முகவராகவே கருதப்படுவார்.

"அப்படின்னா நீ பார்த்தது கம்பெனி பார்த்த மாதிரி. எழுதிக் கொடுக்கிறியா?" என்றான்.

இரண்டு நாள் யோசித்தேன். எழுதிக் கொடுப்பது என்றால், கண்ணால் பார்த்தும் படிவத்தில் பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போடுவது. ஏஜென்சி போகலாம். பழைய பாலிசிகளுக்கு வந்துகொண்டிருந்த ரெனியூவல் கமிஷன்தான் அப்போது மகளின் காலேஜ் பீஸ். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தேன். பெரிய துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஹட்டியில் எனக்குப் பதினோரு பாலிசி இருந்தது. இனிமேல் அந்தப் பக்கம் எந்த முகத்தோடு போவது என்ற பயமும் ஒரு காரணம்.

முதலில் கம்பெனிக்கே முறையீடு. பதில் பழைய பதில்தான். அப்புறம் சென்னையில், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் மனு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். அக்கா, மகன், நான் மூவரும் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போனோம். விசாரணை அரைமணி நேரம்கூட இல்லை. "பார்த்தீங்க சரி, ஏன் எழுதல?" என்று என்னிடம் கேட்டார்கள். "பழக்கம் சார்" என்றேன். வேறு பதில் வரவில்லை. எதிரே இருந்த கம்பெனி அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பணம் தரச்சொல்லி உத்தரவு வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதில் கொடுத்தேன், ஏஜென்சி தப்பியது. கிளையில் மட்டும் ஒரு வருடம் யாரும் எனக்கு டீ சொல்லவில்லை.

ஆனால் இப்படித்தான் எல்லோருக்கும் முடியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அடுத்த வருடமே, 2019-இல், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாலிசி எடுத்தவர், தனக்கு இன்னொரு கம்பெனியில் பாலிசி இருந்ததைப் படிவத்தில் சொல்லவில்லை. ஏஜென்ட்தான் நிரப்பினார், இங்கிலீஷ் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை. கையெழுத்துப் போட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். 2021-இல் மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீடு) வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் கொஞ்சம் வேறு பக்கமாகப் பேசியது: படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கம்பெனிதான் கேட்டு வாங்கவேண்டும், கேட்காமல் பிரீமியம் வாங்கி பாலிசி கொடுத்துவிட்டுப் பின்னால் மறைத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. ஆக, எழுதாமல் விட்ட கட்டத்தைவிட எழுதிய 'இல்லை' ஆபத்தானது. அந்த 'இல்லை'யை எழுதியது யார் கை என்பது எனக்குத் தெரியும்.

வெளியே சட்டம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தக் கோட்பாடு பிறந்த இங்கிலாந்திலேயே, சாதாரண நுகர்வோர் தானாக எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்ற கடமையை 2012-ஆம் வருடச் சட்டம் எடுத்துவிட்டது. கேட்டதற்குத் தவறில்லாமல் பதில் சொல்ல நியாயமான கவனம் எடுத்தால் போதும். அயர்லாந்தும் 2019-இல் சட்டம் போட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு கடமையை நிறுத்திக்கொண்டது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்ட நோய்க்காக மருத்துவரை அணுகியதுண்டா?' வீட்டில் படுகு பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த ஒருவரிடம் இதை அப்படியே வாசித்தால், வாக்கியம் முடிவதற்குள் "இல்ல" என்று சொல்லிவிடுகிறார். விளக்கிச் சொன்னேன், புரிந்துகொண்டார் என்று ஒரு சாட்சிக் கையெழுத்து வேறு இருக்கிறது. அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் வாங்கிய நாட்களும் உண்டு.

இப்போது நான் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்கிறேன். இதற்கு ஜனங்கள் உண்மையைச் சொல்கிறார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் டிஸ்பென்சரி மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்; அது தோட்டம் கொடுப்பது, அவ்வளவுதான். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை என்றார். பேச்சோடு பேச்சாகக் கர்ப்பப்பை எடுத்த கதை வந்தது. "அது ஆபரேஷனுங்க, நோவு இல்லையே" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? வேறு பாலிசி பற்றிக் கேட்கும்போது பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்த வரி அதில் இருக்கும். பிரதமரின் பெயரிலான இரண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு அது. பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. அதையும் எழுதிக்கொள்கிறேன்.

இதனால் எனக்கு வியாபாரம் குறைந்திருக்கிறது. சர்க்கரை என்று எழுதினால் பிரீமியம் ஏறும், சிலருக்குக் கிடைக்காமலே போகும். அவர்கள் என்னிடம் டீ குடித்துவிட்டுப்போய், கேள்வி கேட்காத வேறொரு ஏஜென்டிடம் எடுக்கிறார்கள். கோபம் வரத்தான் செய்கிறது. அந்த ஏஜென்ட்டாக நானே இருந்திருக்கிறேன் என்பதால் வெளியே சொல்வதில்லை.

பாலிசி கையில் வந்ததும் கூடவே இருக்கும் புரபோசல் நகலை ஒருமுறை படித்துக்காட்டச் சொல்கிறேன், படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால். பிடிக்கவில்லை என்றால் திருப்பித்தர முன்பு பதினைந்து நாள்தான். 2024-லிருந்து முப்பது நாள். பெரும்பாலும் பத்திரம் பிளாஸ்டிக் கவரோடு நேராக பீரோவுக்குள் போய்விடுகிறது.

போன மாதம் அதே ஹட்டிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. அவன் பெயரில் பாலிசி போடவேண்டும் என்று அக்காதான் கூப்பிட்டார். திண்ணையில் படிவத்தை விரித்து, தினமும் என்ன மாத்திரை என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "டேய், போன வருஷம் குன்னூர்ல காட்டுனியே."

"அது சும்மா பிரஷர்மா. அப்பப்பதான் போடறேன்."

"அட்டையை எடுத்துட்டு வந்து தம்பிகிட்ட காட்டு."

எடுத்து வந்தான். பத்தில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்னால் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவனையே வாசிக்கச் சொன்னேன்.