ரோலரைத் தேடி பாரிஸுக்கு: ஒரு ரெசிடென்சி அனுபவம்

கலைஞர்கள் வேறு ஊரில் சில மாதம் தங்கி வேலை செய்கிற ரெசிடென்சி ஒன்றைப் பாரிஸில் முடித்து வந்ததிலிருந்து, பிரிண்ட்மேக்கிங், அதாவது பிளேட்டில் படம் செய்து அச்செடுக்கிற கலை, படிக்கிற பிள்ளைகள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எப்படி அப்ளை பண்ணினீங்க அக்கா, காசு யார் கொடுத்தாங்க, விசாவுக்கு என்ன காட்டினீங்க? ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட நடந்ததை மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. எந்த ஊர் பெரிய ஊர், எந்த நிறுவனத்துக்குப் பேர் அதிகம் என்று பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் அந்த முட்டுக்கு வழி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுங்கள். என் வேலை முட்டிக்கொண்டு நின்றது விஸ்காசிட்டி பிரிண்டில்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரே பிளேட்டில் பல நிறம், பிரஸ்ஸில் ஒரே ஓட்டம், அதுதான் விஸ்காசிட்டி. துத்தநாகப் பிளேட்டை ஆசிட்டில் இரண்டு மூன்று மட்டமாக அரித்துக்கொள்ள வேண்டும். கோடுகளுக்குள் ஒரு மையை இறக்கித் துடைத்த பிறகு, லின்சீட் எண்ணெய் தாராளமாக விட்டு இளக்கிய மையைக் கெட்டி ரோலரில் எடுத்து மேலாக உருட்டினால் அது மேட்டில் மட்டும் படியும். அதற்குமேல் எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெத்தென்ற ரோலரில் அழுத்தி உருட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்கி ஒட்டும், எண்ணெய் மை இருக்கிற மேட்டில் ஒட்டாமல் விலகிவிடும். கேட்க எளிது. ஆனால் பிளேட் முழுவதையும் ஒரே உருட்டில் மூடுகிற அளவுக்குப் பெரிய, மெத்தென்ற ரோலர் இல்லாவிட்டால் நடுவில் ஜாயின்ட் கோடு விழுந்துவிடும். அந்த ரோலர் நம் பக்கத்தில் கைக்குக் கிடைப்பது அரிது, அதை நாள்தோறும் கையாள்கிறவர் பக்கத்தில் நின்று பார்ப்பது அதைவிட அரிது.

இந்த முறை பிறந்த இடமே பாரிஸ்தான். ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-இல் தொடங்கிய அத்தெலியே 17 என்ற பட்டறையில், 1950களில் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நம் கிருஷ்ணா ரெட்டி. நம் என்று உரிமையோடுதான் சொல்கிறேன், சித்தூர்ப் பக்கத்துக்காரர், 1940களின் கடைசியில் கலாக்ஷேத்ராவில் கலை சொல்லிக்கொடுத்தவர். 1988-இல் ஹேட்டர் இறந்த பிறகு அந்தப் பட்டறை பெயர் மாறி அத்தெலியே கோந்த்ரபுவான் என்று இன்றும் நடக்கிறது. பணம் கட்டிச் சேர்ந்து வேலை செய்யலாம். ஆக, எனக்கு வேண்டியது அங்கே நடந்து போகிற தூரத்திலோ மெட்ரோ தூரத்திலோ சில மாதம் தங்க ஒரு இடம். அதற்காகத்தான் கலைஞர்கள் தங்கி வேலை செய்கிற சித்தே இன்டர்நேஷனல் தே ஸார்.

1965-இல் திறந்த இடம் அது. மாரே பகுதியில் சேன் நதியைப் பார்த்தபடி ஒன்று, மோன்மார்த்தரில் ஒன்று என இரண்டு வளாகம், 300-க்கு மேல் ஸ்டூடியோக்கள். தங்குவதும் வேலை செய்வதும் ஒரே அறையில். விண்ணப்பத்தில் ஏன் பாரிஸ் என்ற கேள்விக்கு நான் நகரத்தின் அழகைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ரோலர், பட்டறை, மூன்று மட்டம் அரித்த பிளேட், அவ்வளவுதான். போர்ட்ஃபோலியோவில் முடிந்த வேலைகளோடு, மை பள்ளத்துக்குள் இறங்காமல் நிற்கிற ஒரு பிரிண்ட்டையும் வைத்து, இது எந்த இடத்தில் நிற்கிறது என்று பக்கத்தில் நாலு வரி எழுதினேன். நல்ல படங்கள் எல்லோரும் அனுப்புவார்கள். என்ன தேடி வருகிறார் என்பது கண்ணில் தெரிகிற விண்ணப்பத்துக்குத் தனி எடை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது காசு. தேர்வானோம் என்ற கடிதம் வந்தால் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சில இடங்களில் உதவித்தொகை உண்டு, ஷ்டுட்கார்ட்டில் உள்ள அகாடமி ஷ்லாஸ் சாலிட்யூட், ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்அகாடமி அப்படிப்பட்டவை. சித்தேயில் நீங்கள் எந்தத் திட்டத்தின் வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்குக் கிடைத்த வழியில் ஸ்டூடியோவுக்கு மாதக் கட்டணம் நான்தான் கட்ட வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் பணம் தேட ஆரம்பித்தேன். ஒரு அறக்கட்டளை தருகிறேன் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பதிலே போடவில்லை, இன்னொன்று விமான டிக்கெட்டுக்குக் கொடுத்தது, மீதியைப் பிரிண்ட்களை விற்றும் வொர்க்‌ஷாப் எடுத்தும் சேர்த்தேன். இப்போது பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 2023-இல் தொடங்கிய வில்லா ஸ்வாகதம் என்ற ரெசிடென்சித் திட்டமும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

விசாவில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா போதும், ஒரு நாள் கூடினாலும் நீண்டகால விசா, அதற்குக் காகிதங்கள் வேறு. மூன்று மாத ரெசிடென்சிதானே என்று இருக்காமல், முன்னால் இரண்டு நாள், பின்னால் நாலு நாள் என்று சேர்த்து எண்ணிப் பாருங்கள், தாண்டிவிடும். நான் அக்டோபரில் போய்க் குளிர்காலம் முழுக்க இருக்கப் போகிறவள், அதனால் நீண்டகால விசா. கவுன்டரில் இருந்த பெண் "சாலரி ஸ்லிப் இல்லையா மேடம்?" என்று கேட்டார். நம்மைப் போன்றவர்களுக்கு ஏது சாலரி ஸ்லிப். வருமான வரித் தாக்கல், விற்ற பிரிண்ட்களின் பில், வங்கிக் கணக்கு, சித்தேயின் அழைப்புக் கடிதம், தங்குமிடத்துக்கான சான்று, இன்சூரன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே என்ன தொழில், எப்படிச் சம்பாதிக்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தைத்தான் அவர் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். போய் இறங்கியதோடு இது முடிவதில்லை. நீண்டகால விசாவில் VLS-TS என்ற வகையை, போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் கட்டணம் கட்டி வேலிடேட் பண்ணியே ஆக வேண்டும், முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பிளேட்களை இங்கேயே அரித்து முடித்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் கொண்டுபோனேன். அங்கே கிடைக்கிற ஒவ்வொரு நாளும் உருட்டுவதற்கும் அச்செடுப்பதற்கும் போக வேண்டும் என்று நினைத்தேன், அது நடந்தது.

பட்டறையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் குளிரிலிருந்து வந்தது. சென்னையில் மேசையில் வைத்த மை தானாகவே இளகும். பாரிஸில் ஜன்னலோரம் இருந்த சார்போனெல் கம்பெனி மை கத்தியில் குத்தி எடுக்க வேண்டியதாக நின்றது. ஊரில் எழுதி வைத்திருந்த எண்ணெய் அளவுகள் ஒன்றும் பொருந்தவில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்த பெரியவர் அளவே பார்ப்பதில்லை. கத்தியில் மையை எடுத்துத் தூக்கிப் பிடிப்பார், அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு நீளத்துக்கு இழுபட்டு விழுகிறது என்று பார்ப்பார், ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவார், மறுபடி தூக்குவார். நானும் அன்றிலிருந்து நோட்டில் சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு, இழை எவ்வளவு நீளம் என்று கோடு போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள் சென்னை வெயிலிலும் அப்படியே பயன்படுகின்றன.

தனிமை இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. நவம்பரில் அஞ்சு மணிக்கே இருட்டிவிடும். எனக்குக் கை கொடுத்தது லா ஷாப்பெல். போன் மரி ஸ்டேஷனில் மெட்ரோ ஏழாம் லைன் ஏறி கார் த லெஸ்டில் இறங்கி வடக்கே நடந்தால் ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக வரும், முருங்கைக்காய் முதல் இடியப்ப மா வரை எல்லாம் உண்டு. முதல் தடவை போனபோது கடைக்கார அண்ணா "இந்தியாவில எவடம் தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் கறிவேப்பிலையைப் பையில் போட்டுவிட்டார். சித்தேயில் புதன்கிழமை மாலைகளில் கலைஞர்கள் ஸ்டூடியோவைத் திறந்து வைப்பார்கள், யாரும் உள்ளே வந்து பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்காமல் திறந்து வையுங்கள். என் அறைக்கு வந்தவர்களில் ஒருவர் மூலமாகத்தான் என் பிரிண்ட்கள் அங்கே ஒரு குழுக் கண்காட்சிக்குப் போயின.

திரும்பி வந்த பிறகு மிச்சமிருந்த கேள்வி ரோலர்தான். அங்கிருந்து வாங்கிக் கொண்டுவர விலையும் கட்டுப்படியாகாது, எடையும் அதிகம். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ரோலர்களுக்கு ரப்பர் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்களே என்று ஒரு பட்டறைக்குப் போய்க் கேட்டேன். ரப்பரின் மென்மையை ஷோர் என்ற அளவில் சொல்கிறார்கள், எண் குறையக் குறைய மென்மை. அவர்கள் வழக்கமாகப் போடுகிற ரப்பரைவிட மென்மையாகவும் விட்டம் பெரிதாகவும் ஒன்று கேட்டிருக்கிறேன். "இவ்வளவு சாஃப்டா யாரும் கேட்டதில்லைம்மா, போட்டுப் பார்க்கிறேன்" என்று பட்டறைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டார். வந்ததும் என் பட்டறையில்தான் இருக்கும், விஸ்காசிட்டி செய்ய நினைக்கிறவர்கள் பிளேட்டோடு வரலாம், மையும் காகிதமும் மட்டும் உங்கள் செலவு.