உள்ளங்கால் சொல்லும் கணக்கு

இரும்புப் பாலங்களை வடிவமைக்கும் நான், வண்டிப் பாலத்தைவிட நடைபாலத்துக்குத்தான் அதிகம் யோசிக்கிறேன். வண்டியில் போகிறவருக்குப் பாலத்தின் சிறு அதிர்வு தெரிவதில்லை. கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து ஓடையைக் கடக்கும் பெண்ணுக்கு ஒவ்வோர் அசைவும் உள்ளங்காலில் தெரியும். பாலம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, அவர் பயமில்லாமல் நடக்கவும் வேண்டும்.

கூட்டம் நெருக்கி நின்றாலும் உடையாத உத்திரத்தைத் தேர்வது கடினமில்லை. சிக்கல் விறைப்பில், அதாவது அது எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. மனிதர் நொடிக்கு ஏறக்குறைய 2 அடி எடுத்து வைக்கிறார். பாலத்தின் இயல்பான அதிர்வும் அதே வேகத்தில் இருந்துவிட்டால், சரியான நேரத்தில் தள்ளிய ஊஞ்சலைப்போல ஆட்டம் பெருகும். இருமுனையில் தாங்கிய உத்திரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தன் எடையால் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைத்துவிடும். தொய்வு 13 மில்லிமீட்டர் என்றால் சுமார் 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 5 அதிர்வு. ஐரோப்பிய விதிகளின்படி அதற்குக் கீழே போனால் நடப்பவரின் வசதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நான் வரைபடம் தொடங்குவதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

பக்கவாட்டு ஆட்டம் இன்னும் பொல்லாதது. லண்டன் மில்லினியம் பாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்து இரண்டே நாளில் மூடினார்கள். பாலம் லேசாக அசைந்ததும், விழாமலிருக்க மக்கள் அந்த அசைவுக்கேற்பக் கால் ஊன்ற, ஆட்டம் கூடிக்கொண்டே போனது. அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். நம் மலைச்சரிவில் தணிப்பான்களை யார் பராமரிப்பது? அதனால் தளத்துக்கு அடியில் மூலைவிட்டக் கம்பிகளைத் தாராளமாகக் கொடுக்கிறேன்.

இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்துக் கட்டுவது டிரஸ் பாலம். மேலே குறுக்குக் கம்பி இல்லாத டிரஸ் பாலத்தில், அழுத்தம் தாங்கும் மேல் உறுப்பு பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். அதைத் தடுப்பது குறுக்கு உத்திரமும் இருபுற நிமிர்கால்களும் சேர்ந்த 'ப' வடிவச் சட்டகம். அந்த மூலை வெல்டிங்கை ஓடைக்குள் இறங்கி, அண்ணாந்து, விரலால் தடவிப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

கொண்டை ஊசி வளைவில் நீளமான இரும்பு திரும்பாது. துண்டுகளாகக் கொண்டுவந்து, கடைசித் தூரம் தோளில் சுமந்து, போல்ட் போட்டு இணைக்கிறோம். துளையில் இடைவெளி இருந்தால் பாலம் தொய்யும் என்பதால், இறுக்கத்தால் பிடிக்கும் உயர்வலு போல்ட்டையே கேட்டு வாங்குகிறேன்.

நடைதளத்துக்குப் போடும் செக்கர்டு பிளேட், அதாவது புடைப்புக் கோடுகள் கொண்ட இரும்புத் தகடு, மூடுபனியில் வழுக்கும். கிரேட்டிங் என்ற இரும்புச் சல்லடைத் தளம் போட்டால் நீர் வடிந்துவிடும், ஆனால் கீழே ஓடை தெரிவதால் வயதானவர்கள் தயங்குகிறார்கள். மணல் ஒட்டிய சொரசொரப்புப் பூச்சுதான் என் தேர்வு. கைப்பிடியைப் பற்றி ஓர் அம்மா சொன்னது எந்த விதிப்புத்தகத்திலும் நான் படிக்காதது: "ஐயா, ஒரு கை மூட்டையைப் பிடித்திருக்கும். இந்தப் பட்டை இரும்பு இன்னொரு கைக்குள் அடங்கவில்லை." இப்போதெல்லாம் ஆங்கிள் எனும் 'எல்' வடிவ இரும்புக் கைப்பிடிக்கு உட்புறம், இரண்டு பக்கமும், கைக்குள் அடங்கும் உருளைக் குழாய் ஒன்றை வரைந்துவிடுகிறேன். செலவு கூடுகிறது என்று ஒப்பந்ததாரர்கள் அதை நீக்கச் சொல்வார்கள், நான் விடுவதில்லை.