பருந்துக்கு ஒரு நேரம், கீரிக்கு ஒரு நேரம்: கொல்லைக் கோழி நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

மார்கழிப் பனி ஏழரை மணி வரைக்கும் கண்மாய்க் கரையை மூடிக் கிடக்கிறது. அதுவரை கூட்டைத் திறப்பதில்லை. இரவெல்லாம் இரை தேடிய காட்டுப்பூனை புதருக்குத் திரும்புகிற நேரம் அது. சேவலுக்கும் இந்தப் பனியில் எதுவும் தெரியாது. உள்ளே கிடந்து கத்தினால் கத்தட்டும்.

எங்கள் ஊர் மானாமதுரைக்கும் சிவகங்கைக்கும் நடுவில். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம், பின்னால் வாழை, முருங்கை, அதற்கும் பின்னால் சீமைக்கருவேலங்காடு. கோழி மேய இதைவிட நல்ல இடம் கிடையாது, கோழியைப் பிடிக்க வருகிறவற்றுக்கும் அப்படியே. எல்லாமே சிறுவிடைக் கோழிகள். ஒல்லி, ஆனால் கூரை மேல் ஏறும், ஓடும், பறக்கும். கனமான வனராஜா ரகம் வாங்கலாமா என்று அண்ணன் கேட்டார். முட்டை நன்றாக இடும்தான். நாய் துரத்தும்போது முருங்கையில் ஏறுமா என்பதுதான் என் கேள்வி.

ஜனவரி 8

அண்ணனுக்கும் எனக்கும் மறுபடியும் அதே வழக்கு. கொல்லை முழுக்க நைலான் வலை போட்டு மூடிவிடலாம் என்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "அடைச்சுப் போட்டுத் தீனி வைக்கிறதுக்கு பிராய்லர் கடையிலயே வாங்கிக்கலாமே அப்பு" என்றது. அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ராத்திரிக் கூடு விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் அதைக் கடித்து இழுத்தால் பிய்ந்து வரும், குட்டிக் கீரி கண்ணிக்குள்ளேயே நுழையும். அதனால் கூட்டுக்கு மட்டும் அரை அங்குலக் கண்ணி வெல்டு மெஷ் அடித்தோம். கீழே மண்ணோடு நிறுத்தாமல், ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்துவிட்டார் அண்ணன். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்பட்டதும் ஓர் அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

ராத்திரிக்குக் கோட்டை, பகலுக்குத் திறந்த வெளி. இதில் மட்டும் எங்கள் மூவருக்கும் உடன்பாடு.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. நேற்று மாட்டுப்பொங்கலுக்கு ஊரெல்லாம் கறிக்குழம்பு, தெருவெல்லாம் எலும்பு. எங்கிருந்தோ வந்த நாய்க்கூட்டம் மத்தியானம் கொல்லைக்குள் புகுந்துவிட்டது. விடலைக் கோழி ஒன்று போயிற்று. மற்றவை கூரையிலும் முருங்கையிலும் ஏறித் தப்பின. கூரையில் நின்ற சாம்பல் பெட்டை இருட்டும் வரை இறங்கவில்லை, தூக்கித்தான் அடைத்தேன்.

நாய் பசிக்குக் கொல்வதில்லை. ஓடுகிறது என்பதற்காகத் துரத்துகிறது, கவ்வி உதறுகிறது, செத்ததும் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறது. கோழி வளர்க்கிறவர்கள் பருந்தையும் கீரியையும் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் முதல் எதிரி நாய்தான். வேலியில் நாய் நுழைகிற சந்துகளில் முள்ளை வெட்டிச் செருகியாயிற்று. இனி ஊரில் விசேஷம் என்றால் மறுநாளும் கூடு திறக்காது.

ஜனவரி 19

இன்று வேலை எதுவும் ஓடவில்லை, சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேயும்போது அது அதிகம் மேய்வதில்லை. நாலு கொத்து, பிறகு தலையை ஒருக்களித்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். கோழிக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, தலையைச் சாய்த்தால் போதும். காக்கை போனால் சும்மா இருக்கிறது. உயரத்தில் வட்டமிடும் பருந்தையும் பொருட்படுத்தவில்லை. பதினோரு மணிவாக்கில் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து எதுவோ தாழ்வாகக் குறுக்கே பாய்ந்தது. "க்ர்ர்ர்ர்" என்று ஒரே இழுப்பு. பெட்டைகள் அத்தனையும் வாழைக்கடியில் பதுங்கிவிட்டன. வந்தது வல்லூறு.

தரையில் பூனை வந்தால் சத்தமே வேறு: "கெக்கெக்கெக்கேய்" என்று விட்டுவிட்டு. அப்போது பெட்டைகள் பதுங்காது, கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். சேவலின் தலைக்கு மேல் திரையில் பருந்தின் உருவத்தைக் காட்டினார்கள், பக்கத்துத் திரையில் ரக்கூன் என்ற விலங்கைக் காட்டினார்கள். இரண்டுக்கும் வெவ்வேறு குரல். அந்தக் குரல்களை மட்டும் பதிவு செய்து பெட்டைகளுக்குப் போட்டுக்காட்டியபோதும், வானத்துக் குரலுக்குப் பதுங்கின, தரைக் குரலுக்கு நிமிர்ந்தன. மார்லர் குழு கண்ட இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது: பக்கத்தில் பெட்டை இல்லாமல் தனியாக இருக்கும் சேவல், பருந்தைக் கண்டாலும் பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை. யாருக்காகக் கத்துவது!

அப்பத்தாவிடம் சொன்னேன். "இதுக்குப் போயி படிச்சாங்களாக்கும்" என்றது.

ஜனவரி 26

செவலைக் கோழி பொரித்துவிட்டது. மார்கழியில் அடை படுத்தது, கணக்காக இருபத்தோரு நாள். ஒரு முட்டை கூமுட்டை, மற்றதெல்லாம் குஞ்சு.

முதல் வாரம் தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள்தான். மூங்கில் பஞ்சாரத்தின் இடைவெளியில் காக்கை மூக்கை விட்டுக் குஞ்சின் காலைப் பிடித்து இழுக்கும், அதனால் கீழ்ப்பாதியைச் சுற்றி ஒரு பழைய சாக்கு. குருணையோடு கரையானும் உண்டு. மண்கலயத்தில் காய்ந்த சாணியும் ஓலைத் துண்டும் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது வெள்ளையாக மொய்த்திருக்கும். குஞ்சுகள் அதைப் பார்த்ததும் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 2

குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கீரியும் பருந்தும் சேர்ந்து ஒரு வருஷத்தில் தின்பதை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போய்விடும்.

பிப்ரவரி 5

ஒரு குஞ்சு போயிற்று. பருந்து. செவலை இறக்கையை விரித்து மேலே எகிறியும் பார்த்தது. கரும்பருந்து தரையில் இறங்கவே இல்லை, வந்த வேகத்தில் காலால் அள்ளிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டது.

தை, மாசி அதற்கும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். கண்மாய்க் கரைப் புளியில் கூடு இருக்கிறது. பெரிய கோழியை அது தொடாது, தூக்க முடியாது. குஞ்சு மீன்கொத்திக்கு மீன் மாதிரி. குஞ்சு காடை அளவுக்கு வளரும் வரைதான் இந்தத் தொல்லை.

குஞ்சு போன இடம் களத்துமேடு, ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி. அதே நேரத்தில் அவரைப் பந்தலுக்குக் கீழே இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே வலை வேண்டாம், ஒதுங்க இடம் வேண்டும். பனைமட்டைகளை இரண்டிரண்டாகச் சாய்த்துக் கூடாரம் மாதிரி அங்கங்கே நிறுத்தினோம். எங்கே நின்றாலும் ஓடிப் புகுகிற தூரத்தில் ஒன்று. களத்துக்கு மேலே பழைய கேசட்டின் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார் அண்ணன். காற்றில் அது பளபளக்கும், விர்ரென்று சத்தமும் போடும். பருந்துக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும், அப்புறம் இடத்தை மாற்றிக் கட்டணும்.

பிப்ரவரி 10

கீரி. நடுப்பகல், வெயில் சுள்ளென்று இருந்தது. கருவேலம் புதரிலிருந்து வந்து வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் நின்றது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை மார்போடு தொங்கவிட்டுக்கொண்டு, கொல்லையை இடமும் வலமுமாக ஒரு நோட்டம். மூக்கு இளஞ்சிவப்பு, கண் சிவப்பு. சேவல் "கெக்கெக்" என்றதும் உடம்பு மயிரைச் சிலிர்த்தது, இரண்டு மடங்கு பருமனாகத் தெரிந்தது. நான் துண்டை உதறினேன். அவசரமே இல்லாமல் திரும்பிப் போயிற்று.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வலை வைத்துப் பிடித்துவிடச் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஓவியத் தூரிகைக்காக அதன் மயிருக்குக் கள்ளச் சந்தையே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இந்த வாய்க்காலோரம் பாம்பும் எலியும் கட்டுக்குள் இருப்பது அதனால்தான். எலி பெருத்தால் முதலில் போவது கோழித் தீவனம், எலியைத் தேடி அடுத்து வருவது நல்லபாம்பு, அதற்கு அடை முட்டை என்றால் கொள்ளைப் பிரியம்.

வேலியோரம் புதரை ஆறடிக்கு வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்கிறோம். கீரிக்கு மறைவில்லாத தரையைக் கடக்கப் பிடிக்காது. பருந்துக்குப் பயந்து உள்ளே மறைவு வைத்தோம், கீரிக்குப் பயந்து ஓரத்தில் மறைவை எடுத்தோம். அண்ணன் சிரிக்கிறார்.

பிப்ரவரி 16

காலண்டருக்குப் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். விடியல்: காட்டுப்பூனை. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும் பருந்து. நடுப்பகல்: கீரி. பொழுது சாய: நாய். இரவு: மறுபடியும் பூனை, மரநாய், பாம்பு.

பஞ்சபட்சி சாத்திரத்தில் பகலை ஐந்து சாமமாகப் பிரித்து, வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் ஒவ்வொன்றுக்கும் அரசு, ஊண், நடை, துயில், சாவு என்று தொழில் சொல்வார்கள். என் காலண்டரும் அப்படித்தான் ஆகிவிட்டது. கோழிக்கு அரசு நேரம் எது என்று தேடினால் சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்தரை. பருந்து அடங்கிவிடும், கீரி குறைவு, நாங்களும் கொல்லையில் இருப்போம். குஞ்சோடு இருக்கும் கோழியை இப்போது அந்த நேரத்தில் மட்டும்தான் முழுக்க அவிழ்த்து விடுகிறோம். பெரியவை பத்து மணி வரை கூட்டில், முட்டையும் உள்ளேயே இட்டுவிடுகின்றன, புதரில் தேட வேண்டியதில்லை. அப்புறம் மாலை வரை வெளியே.

பிப்ரவரி 23

ஒன்றும் நடக்கவில்லை. முருங்கையில் ஏறிப் படுத்த இரண்டு பெட்டைகளை இறக்கிக் கூட்டில் அடைத்தேன். மரநாய்க்கு மரம் ஏறத் தெரியாதென்று அவற்றுக்கு நினைப்பு.

மார்ச் 9

குஞ்சுகள் கௌதாரி அளவு வந்துவிட்டன. செவலை இன்று அவற்றைக் கொத்தி விரட்டியது. இன்னும் சில நாளில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். பருந்து இரண்டு முறை தாழ்வாக வந்தது. முதலில் குரல் கொடுத்தது சேவல் அல்ல, குஞ்சுகளில் ஒன்று, சேவலாக வரப்போவது என்று அப்பத்தா சொல்கிறது. பனைமட்டைக்குள் எல்லாம் புகுந்துவிட்டன.

அண்ணன் வலைப் பேச்சை எடுப்பதில்லை. நான் இன்னும் ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது: கிண்ணிக்கோழி ஜோடி ஒன்று வாங்கி விடலாம் என்கிறார், அந்நியர் வந்தாலே ஊரைக் கூட்டுமாம். கூட்டும்தான். யாரும் வராத நேரத்திலும் கூட்டும், மத்தியானம் தூங்க விடாது. அப்பத்தாவின் வாக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வியாழக்கிழமைச் சந்தைக்குள் கேட்டுவிட வேண்டும்.