கோணலாக மூடிய கெரவன் அறையை நேராக்கியது எப்படி

கெரவன் என்ற வீட்டு வண்டியில் சுவரோடு வெளியே நகரும் அறைக்கு ஸ்லைட் அவுட் என்று பெயர். அது கோணலாக மூடினால் பலரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டரைத்தான். எங்களுக்கும் ஒரு கராஜில் அதையே சொன்னார்கள். மோட்டர் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். கழற்றிப் பார்த்தபோது மோட்டருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. கோளாறு மண்ணிலும் பலகையிலும் ஒரு சின்ன போல்ட்டிலும் இருந்தது. இலங்கை மலைநாட்டில் இப்படிப்பட்ட வண்டி அபூர்வம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் அதைவிட அபூர்வம். யாருக்காவது உதவும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

அக்காவும் மச்சானும் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்துகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமமாக்கிய தட்டில் பழைய அமெரிக்க கெரவன் ஒன்று நிற்கிறது, அதுவும் ஓர் அறைதான். அதன் ஒரு பக்கச் சுவர், சோபாவும் மேசையும் சேர்ந்தபடி, சுமார் மூன்றடி வெளியே நகரும். அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளம், அவற்றின் கீழ்ப்பக்கம் நெடுகப் பல். ஒரு மோட்டர் ஒரு நீளமான ஷாஃப்ட்டைச் சுற்றும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள சின்னப் பற்சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தள்ளும். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் அறை வாசலில் குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். எங்களுக்கு நடந்ததும் அதுதான். முன்பக்கம் சுவரோடு ஒட்டி மூடும், பின்பக்க மேல் மூலை இரண்டு விரல் அளவு திறந்தே நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் நேராக சோபாவில் இறங்கும்.

எங்கள் தட்டின் அமைப்பைச் சொல்லாமல் காரணம் விளங்காது. அமெரிக்காவில் வாகனம் வலது பக்கம் ஓடுவதால் அங்கே செய்த கெரவனுக்குக் கதவு வலது பக்கம், எங்கள் வண்டிக்கு நகரும் அறை இடது பக்கம். எங்கள் இடத்தில் படிகள் மேட்டுப் பக்கம் இருப்பதால் கதவையும் அந்தப் பக்கம் பார்த்தே நிறுத்த வேண்டியிருந்தது. ஆக, நகரும் அறை பள்ளத்துப் பக்கம் வந்துவிட்டது. தட்டில் மேட்டுப் பக்கம் வெட்டின மண், இறுகிக் கிடக்கும். பள்ளத்துப் பக்கமோ வெட்டி எடுத்ததைக் கொட்டி நிரப்பின மண். அறை வெளியே போகும்போது அவ்வளவு பாரமும் அந்த நிரப்பு மண்ணின் மேல்தான் சாயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது.

வேலைக்குக் கை கொடுத்தவர் எங்கள் வரிசையிலேயே இருக்கும் பிட்டர் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். கெரவனை அதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்தது கிடையாது. ஆனால் ஷாஃப்ட், பல், தாங்கி எல்லாம் எங்கே இருந்தாலும் ஒன்றுதானே. வந்தவுடன் மோட்டர் பக்கம் திரும்பவே இல்லை, “ரசமட்டம் இருக்கா தம்பி?” என்றுதான் கேட்டார்.

முதலில் பெட்டரியைப் பார்த்தோம். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பெட்டரி 12.6 அளவில் காட்ட வேண்டும், காட்டியது. அது குறைந்திருந்தாலும் மோட்டர் முக்கும் என்பதால் அதைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்க முடியும். அப்புறம் மட்டம். மேசன் பாஸ்மார் பாவிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி வண்டியின் இரும்புச் சட்டத்தின் நாலு மூலையிலும் பிடித்தோம். பள்ளத்துப் பக்கப் பின்மூலை நன்றாகவே இறங்கியிருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டியைச் சமமாக்குவது என்றால் மூலைகளில் உள்ள மடக்குக் கால்களைச் சுற்றித் தூக்குவது அல்ல. அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், பாரம் தூக்க அல்ல. அவற்றால் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், சுவரில் அறைக்காக வெட்டிய பெரிய வாசலும் அதோடு கோணலாகும். சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தின் அடியில் போத்தல் ஜேக் வைத்துத்தான் தூக்கினோம். இறங்கிய மண்ணைத் தோண்டி எடுத்து, கருங்கல் பரப்பி இடித்து, மேலே கொங்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே வண்டியை இறக்கினோம். அதோடு இடைவெளியில் பாதி தானாகவே குறைந்துவிட்டது.

மீதிப் பாதிதான் எங்களை ஆழமாக இழுத்தது. அறையை வெளியே நீட்டி, அடியில் மல்லாந்து படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தால் தரைப் பலகையின் பின்மூலை கறுத்திருந்தது. ஸ்க்ரூ ட்ரைவரால் குத்தினேன், பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பிளைவுட் வடித்த தேயிலைச் சக்கை போலக் கையில் வந்தது. தண்டவாளத்தின் முனையை அறையோடு பிடிக்கும் பட்டை அந்த மூலையில்தான் இருக்கிறது. அதன் ஆணிகளைப் பிடிக்க மரமே இல்லை. மூலை கீழே தொங்கியதால் மேலே வாய் திறந்திருக்கிறது, திறந்த வாய் வழியே இன்னும் தண்ணீர் இறங்கி இன்னும் மரத்தைத் தின்றிருக்கிறது. யாரோ முன்பு மேலால் சிலிக்கன் பூசி மூடியிருந்தார்கள். அது உள்ளே போன தண்ணீரை வெளியே வரவிடாமல் தேக்கியதுதான் மிச்சம். அதைச் சுரண்டி எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மரவேலையை அவசரப்படுத்தவில்லை. நாங்கள் இதைச் செய்தது ஆடி, ஆவணிக் காலம். தென்மேல் பருவக்காற்று நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் ஊவாவுக்கு வரும்போது காய்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்கு அதற்கே உரிய வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஈரத்தின் மேல் புதுப் பலகையை ஒட்டினால் உளுத்தல் உள்ளேயே தொடரும் என்பதால், கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுக் காற்றுக்கு விட்டோம். நன்றாகக் காய்ந்த பிறகு மரைன் பிளைவுட் வெட்டி எபொக்சியால் ஒட்டி, அடியில் அலுமினியக் கோணப்பட்டை கொடுத்தோம். பட்டைக்கு மர ஆணியை விட்டுவிட்டு, பலகையை ஊடுருவும் போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டது பிட்டர் அண்ணனின் யோசனை.

அடுத்தது பல் வேலை. பெட்டரியின் வயரைக் கழற்றி வைத்தோம், யாராவது தெரியாமல் சுவிட்சைத் தொட்டால் கை போய்விடும். அறையின் பாரம் முழுவதையும் வெளியே இரண்டு ஜேக்குகளிலும் ஒரு தடித்த உத்தரத்திலும் தாங்க விட்டோம். அந்தத் தாங்கல் இல்லாமல் அடியில் யாரும் படுக்கக் கூடாது. சோபா, மேசையோடு அது சில பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம்.

ஷாஃப்ட்டின் நடுவில் இரண்டு துண்டையும் இணைக்கும் குழாயில் ஒரு போல்ட் இருக்கிறது. அது பாதி அறுந்து வளைந்திருந்தது. அந்த ஆட்டத்தில்தான் பின்பக்கச் சக்கரம் பிந்தியிருக்கிறது. நான் இன்னும் கெட்டியான போல்ட் ஒன்றைப் போடுவோமா என்றேன்.

“அது உடையணும்னுதான் போட்டிருக்கான் தம்பி. கெட்டியாப் போட்டா அடுத்த தடவ பல்லுதான் போகும்,” என்றார் பிட்டர் அண்ணன்.

அதே அளவில், அதே தரத்தில் பண்டாரவளையில் கிடைத்தது. அதை மாட்டும் முன்பு இரண்டு தண்டவாளத்திலும் சட்டத்தின் விளிம்பிலிருந்து முனை வரை அளந்தோம். 15 மில்லிமீற்றர் வித்தியாசம். இணைப்பு கழன்றிருந்ததால் பின்பக்கத்தை மட்டும் தனியாகத் தள்ள முடிந்தது. இரண்டு அளவும் ஒன்றான இடத்தில் போல்ட்டை மாட்டி, தண்டவாளத்தில் சோக்கால் கோடு போட்டோம். பிறகு கோணல் விழுந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

உயரம் சரி செய்வது தண்டவாள முனையில் உள்ள பட்டையில். போல்ட்டைத் தளர்த்தி, ஜேக்கால் மூலையை மிக மெதுவாக ஏற்றி, இறுக்கி, மூடிப் பார்த்து, மீண்டும் திறந்து... பொறுமைதான் இதில் பெரிய ஆயுதம். ஒரு மூலையை ஏற்றினால் எதிர் மூலை மாறும். பார்வைக்குச் சரியாகத் தெரிவதை நம்பாமல் காகிதத் துண்டை வைத்துச் சோதித்தோம். இறப்பருக்கும் அறையின் விளிம்புக்கும் நடுவில் காகிதத்தை வைத்து மூடி இழுக்க வேண்டும். சுற்றிவர எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக வந்தால் அறை நேராக உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்குக் கடைசி வரை அடம்பிடித்தது அந்தப் பின்மேல் மூலைதான்.

பழைய இறப்பர் வெடித்துக் கிடந்ததால் குழாய் மாதிரி உள்ளே வெற்றிடமுள்ள பட்டி தேவைப்பட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் மச்சான் துண்டைக் காட்டிக் கடை கடையாகத் தேடி, பஸ் கதவுக்குப் போடும் ஒன்றை வாங்கி வந்தார். அளவு பொருந்தியது. மூலைகளைச் சாய்வாக வெட்டி ஒட்டினோம், வளைத்துத் திருப்பினால் அங்கே மடிந்து ஓட்டை விழும். இந்த வகை இறப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ பூசக் கூடாது, ஊதி இளகிவிடும். சிலிக்கன் ஸ்ப்ரே போதும். பல்லுக்கும் அப்படியே உலர்ந்த வகை மசகுதான் அடித்தோம். கிரீஸ் போட்டால் தூசியும் மணலும் ஒட்டிப் பல்லை அரைக்கும்.

இப்போது மோட்டர் ஒரே சத்தத்தில் ஓடுகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்தே வந்து மூடுகின்றன. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மச்சான் தண்ணீர்க் குழாயை எடுத்து மட்டம் பார்க்கிறார். மிச்சமிருப்பது மேலே தண்ணீர் தேங்குவது. அறை நீண்டிருக்கும்போது அதன் கூரை தட்டையாக மழையில் கிடக்கிறது. அதற்கு மேலே தகரக் கூரை ஒன்று போடப் போகிறோம். அறை தடையின்றி நகர வேண்டும் என்பதால் தூண்கள் வண்டியைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கத் தூணுக்கு நிரப்பு மண்ணைத் தாண்டி ஆழமாகக் குழி எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு முடிக்கப் பார்க்கிறோம்.