கடல் விலகிய வாசல்: ஜித்தாவில் மூன்று நாட்கள்

என் தாய்வழிப் பாட்டனார் 1949ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குப் போனவர். காயல்பட்டினத்திலிருந்து ரயிலில் பம்பாய் போய், அங்கே கப்பலேறி, ஜித்தாவில் இறங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்னவற்றுள் உம்மாவின் நினைவில் தங்கியவை மிகச் சில. கப்பல் கரைக்கு வராமல் வெகுதூரத்தில் நங்கூரமிட்டது, சிறு படகுகளில் இறங்கிக் கரை சேர்ந்தது, மரச் சன்னல்கள் அடுக்கடுக்காகத் தொங்கிய உயர்ந்த வீடுகளுக்கு நடுவே நடந்தது, அந்தத் தெருவில் நம் ஊர் வேப்பமரம் ஒன்றைக் கண்டு அதன் நிழலில் கடற்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடந்த ஜனவரியில் நான் உம்ரா என்னும் மக்கா புனிதப் பயணத்துக்குப் புறப்பட்டபோது, என்ன வாங்கி வர வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டேன். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் நீரும் எல்லோரும்தான் கொண்டு வருகிறார்கள், அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வா என்றார்கள்.

மக்காவில் உம்ராவை நிறைவேற்றிய பின், ஜித்தாவில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டில் மூன்று நாட்கள் தங்கினேன். பெரும்பாலான பயணிகளைப் போல நானும் இதற்கு முன் இரண்டு முறை இந்த நகரத்தைக் கடந்து போயிருக்கிறேனே தவிர, அதைப் பார்த்ததில்லை. விமான நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் நேரே மக்கா வந்துவிடுகிறது. 2018இல் ஹரமைன் அதிவேக ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தூரமும் ஒரு பொருட்டாக இல்லை. மக்காவின் தலைவாயில் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் பெற்ற ஊரை, அந்த வாயில் வழியே நுழைகிறவர்களே பார்க்காமல் போகும் காலம் இது.

முதல் நாள் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் தம்பி என்னைப் பழைய நகரான அல்பலதின் மேற்கு விளிம்பில், பாபுல் புந்த் என்ற இடத்தில் இறக்கிவிட்டான். பாட்டனார் கரையேறிய துறை இதையொட்டித்தான் இருந்தது. பழைய துறைமுகக் கட்டடம் இப்போது செங்கடல் அருங்காட்சியகமாகியிருக்கிறது. நான் தேடியது கடலை. எதிரே அகலமான சாலையும் வாகன நிறுத்தங்களும் உயர்ந்த வணிகக் கட்டடங்களும் இருந்தன. அர்பயீன் என்னும் உப்பங்கழி மட்டும் பழைய கடலின் மிச்சமாக ஒரு பக்கம் தேங்கி நின்றது. கரையை மண்ணிட்டு நிரப்பி நிரப்பி நகரம் மேற்கே நகர்ந்துவிட்டது. தாமிரபரணி கொண்டு வந்த வண்டலால் கொற்கையையும் பழையகாயலையும் கடல் கைவிட்டுப் போன கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே ஆறு நூற்றாண்டுக் கணக்கில் செய்ததை, இங்கே மனிதர்கள் சில பத்தாண்டுகளில் செய்திருக்கிறார்கள்.

இந்த மண்ணுக்குத் துறைமுகம் என்ற தகுதி கி.பி. 647இல் வந்தது. அதுவரை மக்காவின் துறையாக இருந்த ஷுஐபாவை விடுத்து, கலீஃபா உஸ்மான் அவர்கள் ஜித்தாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து மிளகும் துணியும் தேக்கும் இங்கே வந்து இறங்கி, எகிப்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் போயின. போர்த்துகீசியர் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்ததும் இந்தச் செல்வம் ஆபத்துக்குள்ளானது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானின் தளபதி ஹுசைன் அல்குர்தி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1517இல் போர்த்துகீசியக் கப்பற்படை ஜித்தா வரை வந்தும் ஊரைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. இதே தளபதிதான் அதற்கு முன் 1509இல் டையூ கடற்போரில் அவர்களிடம் தோற்றவர். முத்துக்குளித்துறையில் அதே போர்த்துகீசியரிடம் எங்கள் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவன் என்பதால், அந்த மதில் நின்ற இடத்தை ஒரு சுற்றுலாப் பயணியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மதில் இன்று இல்லை. ஊர் வெளியே பரவ இடம் வேண்டுமென்று 1947இல் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்கும் வாயில்கள் பின்னாளில் திருப்பிக் கட்டியவை.

துறையிலிருந்து கிழக்கே மக்கா வாயில் வரை ஊரை ஊடறுத்துச் செல்வது சூக் அல்அலவி என்னும் கடைத்தெரு. கப்பலிலிருந்து இறங்கிய பயணிகள் நடந்த வழி இதுதான். இந்தத் தெருவில் கால் வைத்தபோது முதலில் என் கண்ணில் பட்டது வீடுகளின் கல். வெயிலில் வெளுத்து, ஆயிரம் சிறு துளைகளோடு, உற்றுப் பார்த்தால் பவளப் பூச்சிகளின் நட்சத்திர வடிவம் தெரிகிற கல். இங்கே மன்கபி என்கிறார்கள். நம் கரையில் முருகைக்கல் என்போமே, அதுதான். கடலடிப் பாறையிலிருந்து இதை வெட்டியெடுத்து, உப்பங்கழியின் களிமண்ணைச் சாந்தாக்கி, சுவரின் இடையிடையே படுக்கை வாட்டில் மர உத்தரங்களை வைத்து எழுப்பியிருக்கிறார்கள். கல் மென்மையானது என்பதால், பாரத்தைப் பரப்பிச் சுவர் பிளக்காமல் காப்பது அந்த மரங்களே. இந்த முறையில் ஆறு ஏழு மாடிகள் வரை உயர்த்தியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்த பின்பே நம்ப முடிந்தது.

சுவர்களின் வெளிப்புறத்தில் பச்சையும் நீலமும் மரப்பழுப்புமாகத் தொங்கும் கூண்டுச் சன்னல்களுக்கு ரோஷன் என்று பெயர். நம் பகுதியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கு அவற்றில் நிறைய உண்டு. தெருவில் போகிறவர்களின் கண்ணில் படாமல் வீட்டுப் பெண்கள் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், மண் கூஜாக்களை அதில் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கலாம், இரவில் படுக்கவும் செய்யலாம். கடற்காற்றை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வதற்காகவே தெருவை நோக்கி அத்தனை தூரம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஈரமும் உப்பும் கலந்த இந்த ஊர் வெக்கையில் மின்விசிறியும் இல்லாமல் மனிதர்கள் வாழ்ந்தது எப்படி என்ற கேள்விக்கு, அந்த வீடுகளில் ஒன்றின் மூன்றாம் மாடியில் ரோஷனுக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விடை கிடைத்தது. கீழே தெருவில் அசையாத காற்று, அங்கே சட்டையை அலைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பெரிய வீடுகளில் பல, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் செங்கடலில் பெருகிய பிறகு எழுந்தவை. வணிகமும் பெருகியது, ஹாஜிகளும் பெருகினார்கள். ஹஜ் காலம் வந்தால் வீட்டுக்காரர்கள் மேல் மாடிகளுக்கு ஒதுங்கிக்கொண்டு, கீழ்த்தளங்களைப் பயணிகளுக்கு விட்டுவிடுவார்கள். அறிமுகமற்றவர்களுக்கு இடம் கொடுப்பது என்பது இங்கே கொடையும் பிழைப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு வாழ்முறையாக இருந்திருக்கிறது. விதவைகளும் ஏழைகளும் தங்குவதற்கென்று வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக விடப்பட்ட ரிபாத் என்னும் விடுதிகளும் இந்தச் சந்துகளுக்குள் உண்டு. ஜித்தாவின் பழைய குணம் எது என்று என்னைக் கேட்டால், மரவேலைப்பாட்டைக் காட்டிலும் இதைத்தான் முதலில் சொல்வேன். யெமனியர், ஹளரமிகள், எகிப்தியர், இந்தியர், ஜாவாக்காரர், புகாராவிலிருந்து வந்தவர் என்று ஹஜ்ஜுக்கு வந்து தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களே இந்த ஊர்க்காரர்கள். மாலையில் ஒரு கடையில் முத்தப்பக் வாங்கிச் சாப்பிட்டேன். மெல்லிய மாவுக்குள் முட்டையும் கொத்திறைச்சியும் வைத்து மடித்துச் சுடுகிற அதுவேதான் நம்மூரில் முர்தபா.

தெருவின் மேட்டில் நஸீஃப் இல்லம் இருக்கிறது. வணிகரும் ஊர்ப் பிரமுகருமான உமர் நஸீஃப் 1872இல் தொடங்கி 1881இல் கட்டி முடித்த வீடு. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. மேல் தளம் வரை பாரம் சுமந்த விலங்குகள் ஏறிப் போகும் அளவுக்கு அகலமான படிகள். 1925 டிசம்பரில் ஜித்தா தம் கைக்கு வந்தபோது, மன்னர் அப்துல் அஸீஸ் இந்த வீட்டில்தான் தங்கினார். பின்னாளில் முகம்மது நஸீஃப் இங்கே சேர்த்து வைத்த பெரிய நூலகம் இன்று மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

அதன் முன்னால் நின்றது அந்த வேப்பமரம். நெடுங்காலம் ஜித்தாவில் மரம் என்று சொல்லத் தக்கது இது ஒன்றே என்பதால், மரமுள்ள வீடு என்றே இந்த வீட்டை ஊரார் குறிப்பிட்டார்களாம். தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு மரத்தை வளர்ப்பது எத்தகைய காரியம் என்பதை இப்போது உணர்வது கடினம். மழைநீரைத் தொட்டிகளில் தேக்கி, குடமாக விலைக்கு வாங்கிக் குடித்த ஊர் இது. 1907இல் உஸ்மானியத் துருக்கியர் வைத்த கடல்நீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தைக் கிந்தாஸா என்று அழைத்தார்கள். வாதி ஃபாத்திமாவிலிருந்து குழாய் வழியே நல்ல தண்ணீர் வந்தது 1947இல். மதில் இடிந்த அதே ஆண்டு. ஊர் கைமீறி வளர்வதற்கு இந்த இரண்டும், பின்னால் வந்த எண்ணெய்ப் பணமும் போதுமானவையாக இருந்தன. சுமார் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்த ஊர், இன்று 35 லட்சத்துக்கும் அதிகமான மக்களின் நகரம்.

வசதியான குடும்பங்கள் வடக்கே குளிரூட்டிய வீடுகளுக்குப் போய்விட்டன. அவர்கள் விட்டுச் சென்ற பவளக்கல் வீடுகளில், அறைக்கு ஐவராகவும் அறுவராகவும் யெமனிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளிகள் தங்கினார்கள். என் தம்பியே 1998இல் இந்த ஊருக்கு வந்தபோது, முதல் எட்டு மாதம் இந்தச் சந்துகளில் ஒன்றில்தான் இருந்தான். மழை பெய்தால் கூரை ஒழுகிய அறையைப் பற்றி அவன் இன்றும் அன்போடு பேசுகிறான். வீடுகள் பழுதடைந்ததற்கு இந்தக் குடியிருப்பாளர்களைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பராமரிக்கும் பொருள் வசதி அவர்களிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடுப்பெரிந்து, ஆள் நடமாடி, கடை திறந்திருந்த காரணத்தால்தான் அல்பலத் மொத்தமாகப் பாழடையாமல் நின்றது. வெளியாருக்கு இடம் கொடுக்கும் இந்த வீடுகளின் பழைய வழக்கம் கடைசியாக அவர்கள் மூலமாகவே தொடர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

2014இல் யுனெஸ்கோ, மக்காவின் வாயில் என்ற பெயரோடு இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்போது எங்கு பார்த்தாலும் சாரம் கட்டி வேலை நடக்கிறது. கல்லை வெட்டுகிறவர்களும் ரோஷனுக்கு மரம் இழைக்கிறவர்களும் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். சில வீடுகள் உயர்தர விடுதிகளாகத் திறந்துவிட்டன. காப்பிக் கடைகளில் சவூதி இளைஞர்களும் இளம்பெண்களும் நிறைந்திருக்கிறார்கள், தங்கள் பாட்டனாரின் தெருவைத் தேடி வந்து பார்க்கிறார்கள். அது என் மனத்துக்கு நிறைவாக இருந்தது. வேலை மிகுந்த கவனத்தோடு நடப்பதையும் காண முடிந்தது. செப்பனிட்ட வீடுகளில் இரவில் விளக்கெரிகிற மேல்மாடிகள் குறைவாக இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடும்பங்கள் திரும்பி வந்து குடியிருக்கும் நாள் வந்தால்தான் ரோஷனுக்கு வேலை இருக்கும்.

இரண்டாம் நாள் புதிய ஜித்தாவைப் பார்த்தேன். கார்னிஷ் கடற்கரைச் சாலையில் குடும்பங்கள் பாய் விரித்து, ஃபிளாஸ்க்கும் பிள்ளைகளுமாக அமர்ந்திருந்தன. கடல்நீரை 260 மீட்டருக்கு மேல் பீய்ச்சும் ஃபஹத் நீரூற்று, 1985 முதல் இரவானதும் வெள்ளைத் தூணாக வானில் நிற்கிறது. வடக்கே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத் திட்டமிட்ட ஜித்தா கோபுரத்தின் வேலை பல ஆண்டுகள் நின்றுபோய், 2025இல் மறுபடி தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது விமான நிலையத்தின் ஹஜ் முனையம். 1981இல் திறக்கப்பட்ட அதன் கூரை, 210 வெண்ணிறக் கூடாரங்களால் ஆனது. குளிரூட்டாமலேயே வெப்பத்தை மேலே போகவிட்டு, கீழே நிழலையும் காற்றோட்டத்தையும் தருகிறது. அதன் கட்டமைப்பை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர், வங்காளத்தில் பிறந்து சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை எழுப்பிய பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். அவர் 1982இல் மரணமடைந்ததும் இதே ஜித்தாவில்தான். ரோஷனைச் செதுக்கிய தச்சனும் அந்தக் கூடாரத்தைக் கணக்கிட்ட பொறியாளரும், களைத்து வந்து இறங்கும் அந்நியனுக்குக் காற்றைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற ஒரே சிந்தனையில் வேலை செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் இஸ்லாமியக் கலைகள் கண்காட்சியின் முதல் நிகழ்வும் 2023இல் இந்த முனையத்தில்தான் நடந்தது.

மூன்றாம் நாள் ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் தனியாக மறுபடி அல்பலதுக்குப் போனேன். கடைகள் திறக்காத நேரம். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வேப்பிலைச் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மரத்தடியிலிருந்து உம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் காண்பித்தேன். அடிமரத்தை முதலில் காட்டச் சொன்னார்கள், பிறகு கிளைகளை, பிறகு வீட்டை. வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கடல் எந்தப் பக்கம்? இங்கே உட்கார்ந்தால் காற்று வருமென்று வாப்பா சொன்னாங்களே” என்றார்கள்.

கைப்பேசியை மேற்கே திருப்பினேன். கட்டடங்கள்தாம் தெரிந்தன. அந்தப் பக்கம்தான் உம்மா, இப்போது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது என்றேன். அதற்குள் அவர்கள் கவனம் வேறெங்கோ போயிருந்தது.

“இலை அசையுதே” என்றார்கள்.