போலந்திலிருந்து ஒரு பிஆர்டிஎம்-2 வாங்கிய அனுபவம்

சோவியத் காலத்துக் கவச வாகனம் ஒன்றைச் சேகரிப்பாகவும் முதலீடாகவும் வாங்குவது என்று முடிவு செய்தபோது, பிஆர்டிஎம்-2 என்ற நான்கு சக்கர உளவு வாகனத்தையே தேர்ந்தெடுத்தேன். 1960களின் தொடக்கத்தில் அறிமுகமான இது ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ளது. நிலத்தைப் போலவே நீரிலும் செல்லும். டாங்கிகளுக்கும், அவற்றைப் போலவே சங்கிலிப்பட்டையில் ஓடும் பிஎம்பி என்ற காலாட்படைக் கவச வாகனங்களுக்கும் ஆர்வலர் மிகுதி என்றாலும், சங்கிலிப்பட்டை வாகனத்தை ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் செலவே காலப்போக்கில் முதலீட்டை அரித்துவிடும் என்று கருதினேன்.

நான் வசிப்பது இங்கிலாந்தில். வாகனம் இருந்தது போலந்தில். அந்நாட்டின் இராணுவச் சொத்து முகமை, படைக்குத் தேவையற்றுப் போன பொருள்களை ஒப்பந்தப்புள்ளி கோரி விற்பது வழக்கம். அப்படி விற்கப்பட்ட ஒன்றைப் பின்னர் வாங்கி வைத்திருந்த வணிகர் ஒருவரிடமிருந்து நான் வாங்கினேன். 2022 பிப்ரவரிக்குப் பின் கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளில் இருந்த சோவியத் வாகனங்கள் பல உக்ரைனுக்குச் சென்றுவிட்டன. பொருளாதாரத் தடைகளால் ரஷ்யாவிலிருந்து உதிரிபாகம் தருவிக்கும் வழியும் அடைபட்டது. ஆகவே உதிரிபாகங்களையும் வாகனத்தோடு சேர்த்தே பேரம் பேசினேன்.

நேரில் பார்க்கச் சென்றபோது முதலில் கவனித்தது எஞ்சினை. போலந்துப் படை தன் பிஆர்டிஎம்-2 வாகனங்களில் ஒரு பகுதியை மேம்படுத்தி இவெகோ டீசல் எஞ்சின் பொருத்தியது. ஓட்டுவதற்கு அது சிக்கனமானது. ஆனால் சேகரிப்பாளர் தேடுவது சாய்க்கா சொகுசுக் காரின் எஞ்சினோடு உறவுள்ள, 5.5 லிட்டர், 140 குதிரைத்திறன் கொண்ட அசல் காஸ்-41 வி8 பெட்ரோல் எஞ்சினைத்தான். அடுத்து, அகழிகளைக் கடப்பதற்காக வயிற்றுப் பகுதியில் மறைந்திருக்கும் நான்கு சிறு சக்கரங்களை இறக்கிக் காட்டச் சொன்னேன். பல வாகனங்களில் அவை இறுகிப்போயிருக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயரில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு, நீரில் வண்டியைத் தள்ளும் பின்புறத்து நீர்த்தாரை உந்தியின் மூடி, அடித்தகட்டின் உட்புறத் துரு ஆகியவற்றை விளக்கு வைத்துப் பார்த்தோம். கிடங்கில் நெடுங்காலம் நின்ற வண்டி குறைந்த கிலோமீட்டரைக் காட்டலாம். ஆனால் ஓடாமல் நின்ற காலத்தில்தான் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன.

இவ்வளவு பார்த்த பிறகும், விலையை உண்மையில் தீர்மானித்தவை ஆவணங்களே. இந்த வாகனத்தின் கோபுரத்தில் 14.5 மில்லிமீட்டர் கேபிவிடி, 7.62 மில்லிமீட்டர் பிகேடி என்ற இரு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்திருக்கும். செயலிழக்கச் செய்த அசல் துப்பாக்கிகளோடு கிடைத்தால் மதிப்பு கூடும் என்பது உண்மைதான். எனினும் செயலிழப்புச் சான்றிதழின் தரவிதி எந்த நாட்டுடையது, எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பொறுத்து எல்லையில் சிக்கல் எழக்கூடும். ஆதலால் துப்பாக்கிகள் முற்றிலும் அகற்றப்பட்டு வெறும் மாதிரிக் குழாய்கள் பொருத்தப்பட்ட வாகனத்தையே விரும்பினேன். ஆயுதம் இல்லாவிட்டாலும் கவச வாகனம் ஐரோப்பிய இராணுவப் பொருள் பட்டியலில் அடங்குவதால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின் போலந்து அரசின் ஏற்றுமதி உரிமம் இன்றி அது புறப்பட முடியாது. உரிமம் வரும்வரை முழுத்தொகையையும் செலுத்துவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்த ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரிட்டன் சுங்கத்தில் இது 8710 என்ற கவச வாகனத் தலைப்பில் வகைப்படுத்தப்பட்டால் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி; 9705 என்ற சேகரிப்புப் பொருள் தலைப்பில் ஏற்கப்பட்டால் 5 சதவீதம் மட்டுமே. இரண்டாவதற்கு வாகனம் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக, உற்பத்தி நின்றுபோன வகையாக, அசல் நிலையில் இருக்க வேண்டும். எஞ்சினைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாக இருந்ததன் பயன் இங்கே தெரிந்தது. வகைப்பாடு குறித்த முன்கூட்டிய தீர்ப்பை வருவாய்த் துறையிடம் எழுத்தில் பெற்ற பிறகே கப்பலுக்கு ஏற்பாடு செய்தேன். வந்திறங்கிய 14 நாள்களுக்குள், வாகனம் வந்ததை வருவாய்த் துறைக்குத் தெரிவிக்கும் நோவா அறிவிப்பைக் கொடுத்து, பிறகு வாகனப் பதிவு முகமையான டிவிஎல்ஏவில் பதிவு செய்ய வேண்டும். தயாரிப்பு ஆண்டை நிறுவ, வாகனத்தின் விவரத் தகட்டின் படமும், இராணுவ வாகன ஆர்வலர் சங்கம் தந்த சான்றுக் கடிதமும் உதவின. நாற்பது ஆண்டைக் கடந்ததால் வரலாற்று வாகனம் என்ற வகையில் சாலை வரி இல்லை. 1997க்குப் பிறகு ஓட்டுநர் உரிமம் பெற்றவன் என்பதால், இந்த எடைக்கு உரிய சி1 என்ற உரிம வகைக்காக மருத்துவப் பரிசோதனையும் ஓட்டுநர் தேர்வும் முடித்தேன்.

காப்பீட்டுக்கு மதிப்பிட வந்தவர் தகட்டு எண்ணையும் சேசிஸில் பொறித்த எண்ணையும் ஏற்றுமதி உரிமத்தோடு ஒப்பிட்ட பிறகே வாகனத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்றும் ஒத்திருந்ததால், ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பில் காப்பீடு கிடைத்தது. இதை முதலீடாகக் கருதுவோர் உலர்ந்த கொட்டகை வாடகையையும், நூறு கிலோமீட்டருக்கு நாற்பது லிட்டரை நெருங்கும் பெட்ரோலையும், எத்தனால் கலந்த எரிபொருள் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றை மாற்றும் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.