எங்கள் ஆங்கில சேரும் பீற்றில்ஸும்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த வருட மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த எங்கள் சேரைத் தவிர வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. தை மாதம் அவர் காலமான செய்தி லண்டனுக்கு வந்ததிலிருந்து, அவருக்குப் பிடித்த பிரிட்டிஷ் நால்வர் இசைக்குழுவான பீற்றில்ஸின் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி பின்னேரம், பள்ளிக்கூட மண்டபத்துப் பின்பக்கம் என்றாலே உங்களுக்கு விளங்கும்: சேர் எங்களை இருத்திப் பீற்றில்ஸ் பாட்டுப் போடும் நேரம். சேர் பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா கேட்க விடமாட்டார். ஒருநாள் 'எலினோர் றிக்பி' முடிந்ததும், "இதிலை நாலு பேரிலை ஆர் என்ன வாத்தியம் வாசிக்கினம்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒருத்தரும் இல்லை! நாலு வயலின், ரெண்டு வயோலா, ரெண்டு செல்லோ. பாட்டுக்குத் தேவையில்லை எண்டதும் தங்கடை வாத்தியத்தைக் கீழை வைச்சிட்டினம்." இசை கேட்பது எப்படி என்று நான் படித்தது அன்றைக்குத்தான்.

அவர்களின் கதையைப் பள்ளிக்கூடப் பெடியன்களின் கதையாகத்தான் சேர் சொல்லுவார். ஜோன் லெனன் தன் குவாரி பாங்க் பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே 'குவாரிமென்' குழுவைத் தொடங்கினார். 1957 ஜூலையில், லிவர்பூலின் வூல்ரன் தேவாலய விழாவில் போல் மக்கார்ட்னியைக் கண்டபோது ஜோனுக்கு 16 வயது, போலுக்கு 15. ஜோர்ஜ் ஹரிசன் போலின் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக் கீழே. அப்புறம் ஹம்பர்க் இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசித்து வாசித்துத் தேறினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் றிங்கோ வந்தது 1962இல்.

1970 சித்திரையில் போல் விலகிய செய்தி வந்ததும் நாங்கள் எல்லோரும் ஜோனின் மனைவி யோகோ ஓனோவைத்தான் திட்டினோம். சேர் அதை ஏற்கவில்லை. 1967இல் மனேஜர் பிரையன் எப்ஸ்டைன் இறந்த பிறகு நால்வரும் நம்பக்கூடிய ஆள் கிடைக்கவில்லை. மூன்று பேர் மனேஜராக அலன் கிளைன் வேண்டும் என்றார்கள், போல் மறுத்தார், கடைசியில் நீதிமன்றம் வரை போனது. அதோடு ஜோர்ஜ் எழுதிய பாட்டுகள் குழுவின் இசைத்தட்டுகளில் இடமில்லாமல் குவிந்து கிடந்தன. 1970 முடிவில் ஜோர்ஜ் தனியாக மூன்று இசைத்தட்டுகளை ஒன்றாக வெளியிட்டபோது சேர் சொன்னது சரி என்று தெரிந்தது. இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

2023இல், ஜோன் 1970களில் கசற்றில் பதிந்து வைத்த பாட்டைப் போலும் றிங்கோவும் முடித்து வெளியிட, அது பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. தொலைபேசியில் சேருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஜோர்ஜின்ரை கிற்றார் இருக்கே தம்பி?" என்றார். 1995இல் அவர் வாசித்தது இருக்கிறது என்றதும் அவருக்குச் சரியான சந்தோஷம்.

போலும் ஜோர்ஜும் படித்த லிவர்பூல் இன்ஸ்ரிரியூட் 1985இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தை அழியவிடாமல், போல் முன்னின்று அதை நிகழ்த்து கலைக் கல்லூரியாக்கினார். 1996இல் திறந்தார்கள். அதன் வாசலில் நின்றபோது எங்கள் மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. சேரிடம் படித்த நாங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறோம். ஊரிலேயே இருந்திருந்தால் நானும் ஆங்கிலம் படிப்பித்திருப்பேன், அந்த வெள்ளிக்கிழமைகளும் நின்றுபோயிருக்காது என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

சேரின் பெயரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு இசை அறை கட்டிக்கொடுக்கலாம் என்று வரும் பொதுக்கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். முதற் பங்கு நான் தருகிறேன்.